பஞ்சுப் பனி வேண்டாம் ஆசிரியரே, இங்க வெயில் கொளுத்துது

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பெண்கள் இணைப்புல கிறிஸ்துமஸ் விருந்து மேசையை எப்படி அலங்கரிக்கிறதுன்னு ரெண்டு பக்கம் கலர்ல போட்டிருந்தீங்க. நான் அதை இங்க சிட்னிக்கு மேற்கால இருக்குற எங்க வீட்ல, ஃபேனுக்கு நேர் கீழ உக்காந்து போன்ல இ-பேப்பரா படிச்சேன். படமெல்லாம் அழகுதான், குறை சொல்ல மாட்டேன். சிவப்பு வெல்வெட் துணி, நடுவுல பஞ்சுல பனி, பைன் காய்க்கு வெள்ளிப் பெயின்ட், உசரம் உசரமா சிவப்பு மெழுகுவத்தி, ஜன்னலுக்கு வெளிய கும்மிருட்டு. ஆனா அந்த வெல்வெட்டைப் பாக்குறப்பவே எனக்கு கழுத்துல வேர்த்துருச்சு, நெஜமா சொல்றேன்.

ஏன்னா பூமத்திய ரேகைக்குத் தெக்க இருக்குற எங்களுக்கெல்லாம் டிசம்பர்னா நடு கோடை. வருஷத்துலயே நீளமான பகல் டிசம்பர் 21, 22 வாக்குலதான் வருது, கிறிஸ்துமஸ் அன்னைக்கு சிட்னில சூரியன் மறையவே ராத்திரி எட்டு தாண்டிரும், மெல்போர்ன்ல இன்னும் லேட்டு. பிள்ளைங்களுக்கு ஸ்கூல் பெரிய லீவு, பாதி ஊர் பீச்சுல கிடக்கும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா எல்லாம் இதே கதைதான், இந்த மூணு இடத்துலயும் உங்க பேப்பரைப் படிக்கிற தமிழ் ஆளுங்க இருக்கோம். அதனால உங்க கட்டுரைக்கு எதிர்க்கட்டுரைன்னு இல்ல, ஒரு ஒட்டுப் போடுறேன்னு வச்சுக்கோங்க.

முதல்ல என் கதையைச் சொல்லிர்றேன். எனக்கு ஊர் தூத்துக்குடி. எங்க மாதாவுக்கே பனிமய மாதான்னுதான் பேரு, ரோமாபுரில ஆகஸ்ட் மாசத்துல பனி பெஞ்சதுன்னு ஒரு கதை இருக்குல்ல, அதுல வந்த பேரு, ஆகஸ்ட் 5 திருவிழா அன்னைக்கு வெயில்ல நின்னு மண்டை காய்ஞ்சு தேர் பாத்து வளர்ந்த ஆளு நான். பனிங்கிறது எங்களுக்கு மாதா பேர்லயும் குடில் மேல ஒட்டுற பஞ்சுலயும் மட்டும்தான் இருந்துச்சு. இங்க வந்த புதுசுல, ஃபாரின்னா இனிமே நெஜக் கிறிஸ்துமஸ் கொண்டாடலாம்னு ஒரு நெனப்பு. ஒரு புஸ்தகத்துல பாத்து அப்படியே உங்க படம் மாதிரியே ஒரு மேசை போட்டேன். வீட்டுக்குள்ள பதினாலு பேருக்கு இடம் பத்தாதுன்னு பேக்யார்ட்ல, காலைல பத்து மணிக்கெல்லாம் ரெடி பண்ணி வச்சுட்டு பெருமையா போட்டோ எடுத்துட்டு சமையலுக்குப் போயிட்டேன்.

பன்னெண்டரைக்கு வெளிய வந்து பாக்குறேன், ஆறு மெழுகுவத்தியும் இடுப்பை வளைச்சு கும்பிடு போட்டுக்கிட்டு நிக்குது, ஒண்ணையும் பத்தவே வைக்கல பாத்துக்கோங்க, சும்மா வெயிலுக்கே அந்தக் கதி. ஒண்ணு முழுசா சாஞ்சு துணில ஒட்டிருச்சு. வெல்வெட்ல சிவப்பு மெழுகு உருகி ஒட்டுனா என்ன ஆகும்னு உங்க இணைப்பை எழுதினவங்களைக் கேளுங்க. சாக்லேட்ல செஞ்ச குட்டி குட்டி மரம் எல்லாம் குழம்பா கெடந்துச்சு. சரி அதெல்லாம் போகட்டும்னு ஆளுங்களை உக்கார வச்சு சாப்பாடு முடிஞ்சு, சாயங்காலம் அஞ்சு மணி வாக்குல எல்லாரும் நாற்காலில சாஞ்சு கெடக்கோம், திடீர்னு தெக்க இருந்து ஒரு காத்து. சிட்னிக்காரங்க இதுக்கு சதர்லி பஸ்டர்னு பேரே வச்சிருக்காங்க, கொதிக்கிற நாள்ல சாயங்காலமா சட்டுன்னு அடிச்சு கொஞ்ச நேரத்துலயே பத்து பதினஞ்சு டிகிரி இறக்கிரும், நல்ல காத்துதான், ஆனா எனக்கு அன்னைக்குத்தான் அறிமுகம். என் பனி மொத்தமும் எந்திரிச்சுப் பறந்து பக்கத்து வீட்டு வேலி, அவங்க ரோஜாச் செடி, அவங்க நாய் மேலன்னு போய் உக்காந்துச்சு.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அப்பவே எழுபது வயசு தாண்டிருச்சு. மறுநாள் ஒரு பை நெறைய என் பஞ்சைப் பொறுக்கி எடுத்துக்கிட்டு வந்தாங்க, இன்னொரு கையில ஜாம் பாட்டில்ல கொஞ்சம் சிவப்புக் கொத்து. "இதை வச்சுக்கோம்மா, இது பறக்காது"ன்னாங்க. அவ்வளவுதான், வேற ஒண்ணும் சொல்லல. நானும் அதுக்கப்புறம் பஞ்சு வாங்கினதே இல்ல.

அந்தச் சிவப்புக் கொத்துக்குப் பேரு கிறிஸ்துமஸ் புஷ், சிட்னி இருக்குற நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து மண்ணுலயே மொளைக்கிற மரம். இதுல ஒரு வேடிக்கை இருக்கு, நாம சிவப்பா பாக்குறது பூவே இல்ல. பூ வெள்ளையா சின்னதா முன்னாடியே பூத்து முடிஞ்சுரும், அது போனப்புறம் அடியில இருக்குற புல்லி இதழ் பெருசாகி, கிறிஸ்துமஸ் வர்றதுக்கு சரியா சிவந்து நிக்கும். இதை விட்டா பேங்சியான்னு ஒரு பூ இருக்கு, பெரிய பஞ்சு பிரஷ் மாதிரி, வாடினாலும் நல்லாத்தான் இருக்கும். நியூசிலாந்துல இருக்குற என் மதினி வீட்டுத் தெருவுல போஹுடுகாவா மரம் டிசம்பர்ல செக்கச்செவேல்னு பூத்து ரோடு பூரா சிவப்புத் தூசி கொட்டிக் கெடக்கும். பெர்த் பக்கம் ஆரஞ்சுக் கலர்ல ஒரு கிறிஸ்துமஸ் மரம், நூய்ட்சியான்னு சொல்லுவாங்க, நம்ம ஊர்ல மாமரத்துல ஒட்டிக்கிட்டு வளருமே புல்லுருவி, அந்தக் குடும்பத்து மரம், ஆனா இது நெலத்துலயே நிக்கும், வேருக்கு அடியில பக்கத்து செடியைக் கடிச்சுக்கிட்டு இருக்கும். இதையெல்லாம் காட்டுல போயி ஒடிச்சுட்டு வரக்கூடாது, நேஷனல் பார்க்ல செடியை வெட்டுனா ஃபைன் போட்டுருவாங்க, பூக்கடையிலயே கொத்துக் கொத்தா விக்கிறாங்க, இல்ல வீட்ல ஒரு மரம் வச்சா பத்து வருஷத்துக்குக் கவலையில்ல.

வெயில்ல பூ நிக்கிறதுக்கு ஒரு வழி இருக்கு, இதை மட்டும் தயவுசெஞ்சு அச்சுல போடுங்க. விடிய அஞ்சரைக்கு, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி வெட்டணும், தண்டோட கீழ்ப்பாதி இலையை உருவிரணும், கழுத்து வரைக்கும் தண்ணியில முங்குற மாதிரி வாளில போட்டு பாத்ரூம்ல நெழல்ல விட்டுரணும், ஆளுங்க வர்றதுக்கு அரை மணி நேரம் முன்னாடிதான் மேசைக்கே கொண்டாரணும். யூகலிப்டஸ் இலைக்கு இந்தப் பாடும் வேண்டாம், கெளையா வெட்டி மேசை நீளத்துக்கு அப்படியே படுக்க வச்சா சாயங்காலம் வரைக்கும் சாம்பப் பச்சையா கெடக்கும், கை படுற நேரமெல்லாம் வாசம் வரும். எதா இருந்தாலும் ஒரு சாண் உசரத்துக்கு மேல போகக்கூடாது, எதிர்ல உக்காந்திருக்குற மாமா மூஞ்சி தெரியாம பூவுக்குப் பின்னால இருந்து "இன்னும் ரெண்டு இறால் போடு"ன்னு கொரல் மட்டும் வந்தா நல்லாவா இருக்கும்.

துணிக்கு வருவோம். எங்க வீட்டுக்காரரோட எட்டு முழ வேட்டி. ஆமா, வேட்டிதான், ஜரிகைக் கரை போட்டது. நல்ல பருத்தி, வெள்ளை, நீளம் பன்னெண்டு அடி வரும், ரெண்டு மடக்கு மேசையைச் சேத்துப் போட்டா கச்சிதமா உக்காருது, ரெண்டு ஓரத்துலயும் தங்கக் கரை ஓடுறதுக்கு எந்தக் கடையில வாங்குன டேபிள் கிளாத்தும் பக்கத்துல நிக்க முடியாது. மூலைக்கு மூலை சின்னதா ஒரு பை தச்சு கூழாங்கல் போட்டிருக்கேன், சதர்லி பஸ்டர் வந்தா வரட்டும். காகிதத் தட்டு, காகித நாப்கின் எதுவும் மேசையில சும்மா கெடக்கக்கூடாது, துணி நாப்கினை ஆளுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள்ள சொருகி வச்சுர்றேன், ரெண்டு வேலை ஒண்ணா முடிஞ்சுது.

வெளிச்சம் விஷயத்துலயும் உங்க கட்டுரை இங்க எடுபடாது. மத்தியானம் ஒரு மணி விருந்துக்கு மெழுகுவத்தி எதுக்கு, சீரியல் லைட் எதுக்கு, எட்டரை மணி வரைக்கும் ஒண்ணும் தெரியாது. கோடை மேசைக்கு வெளக்கு வெயிலேதான். கண்ணாடி ஜக்ல தண்ணி ஊத்தி எலுமிச்சை வட்டமும் புதினாவும் போட்டு வச்சா, பச்சைக் கண்ணாடி, நீலக் கண்ணாடி பழைய பாட்டில் நாலு வச்சா, கூரை இடுக்கு வழியா வர்ற வெயில் அதுல புகுந்து வேட்டி மேல கலர் கலரா ஆடுது பாருங்க, அதுக்கு நான் பைசா குடுக்கல. ராத்திரி உக்காந்து பேசறதுக்கு பேட்டரி வெளக்கு நாலு ஜாடிக்குள்ள போட்டா போதும். காட்டுத்தீ பயத்துல டோட்டல் ஃபயர் பேன்னு நெருப்புத் தடை அறிவிச்சிருந்தா வெளிய கரி அடுப்பே மூட்டக்கூடாது, 2019 டிசம்பர்ல சிட்னி பூரா காட்டுத்தீப் பொகை சூழ்ந்து கெடந்ததையும், அடுத்த மாசமே 2020 ஜனவரி 4ந்தேதி எங்களுக்கு இன்னும் மேற்கால பென்ரித்ல 48.9 டிகிரி அடிச்சதையும் பாத்தவங்களுக்கு, வெளிய நெருப்பு வச்சு அழகு பாக்குறதுல அவ்வளவா மனசு ஒட்டாது.

இனி சாப்பாடு. உங்க படத்துல நடு மேசையில வான்கோழியும் கேக்கும் பழமும் பரப்பி வச்சு அதுவே அலங்காரமா இருந்துச்சு. குளிர் நாட்டுல சரி. இங்க அப்படிப் பரப்பி வச்சா அழகு ஆஸ்பத்திரில போய் முடியும். ஆஸ்திரேலியாவுல ரெண்டு மணி நாலு மணி விதின்னு ஒண்ணு எல்லாருக்கும் சொல்லித் தராங்க, சீக்கிரம் கெட்டுப் போற சாப்பாடு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுல ரெண்டு மணி நேரத்துக்குள்ள இருந்திருந்தா திரும்ப ஃபிரிட்ஜ்ல வைக்கலாம், ரெண்டுல இருந்து நாலு மணி நேரம்னா அப்பவே சாப்பிட்டுறணும், நாலு தாண்டிட்டா குப்பை. அதனால எங்க மேசையில சாப்பாடு பந்தி மாதிரி சுத்துச் சுத்தா வரும் போகும், அலங்காரத்துக்குன்னு நிரந்தரமா இருக்குறது வெயிலுக்கு அசராத பழம் மட்டும்தான். மாம்பழம் இங்க டிசம்பர்ல சீசன், குவீன்ஸ்லாந்து மாம்பழம் ட்ரே ட்ரேயா வாங்கி ஒருத்தருக்கொருத்தர் கிறிஸ்துமஸ் பரிசா குடுக்குறதே பழக்கம், கென்சிங்டன் பிரைடுன்னு ஒரு ஜாதி, மஞ்சள்ல கன்னத்துல மட்டும் ஒரு சிவப்பு. அதுல பத்து, கூட யங் ஊர்ல இருந்து வர்ற செர்ரி ரெண்டு கிலோ, எல்லாத்தையும் எங்க அம்மா குடுத்தனுப்புன பித்தளைத் தாம்பாளத்துல குவிச்சு நடுவுல வச்சுட்டா, அது கிட்ட வேற எந்த அலங்காரமும் நிக்காது.

இறால் இல்லாம சிட்னில கிறிஸ்துமஸ் கிடையாது. இங்க மீன் மார்க்கெட்ல 23ந்தேதி விடியக்காலைல தொறந்து 24ந்தேதி சாயங்காலம் வரைக்கும் 36 மணி நேரம் மூடாம யாவாரம் நடக்கும், நான் ஒரு வருஷம் ராத்திரி ரெண்டு மணிக்குப் போயி வாங்கிட்டு வந்தேன், நம்ம ஊர் துறைமுகத்து ஏலம் ஞாபகம் வந்துருச்சு. அவிச்ச இறாலை ஓட்டோட ஐஸ் மேல அடுக்கி வைப்பாங்க, அவங்கவங்க உரிச்சுத் திங்கணும். ஐஸ் தட்டுக்கு அடியில ஆழமா இன்னொரு தட்டு, இல்லன்னா உருகுன தண்ணி வேட்டியில இறங்கும். மூணு பேருக்கு ஒரு கிண்ணம் எலுமிச்சைத் தண்ணி கை அலம்ப, ஓடு போட ஒரு வாளி. அந்த ஓட்டை குப்பைத் தொட்டில போட்டா மறுநாளே தெரு நாறும், குப்பை வண்டியோ அடுத்த வாரம்தான் வரும், அதனால பொதிஞ்சு ஃப்ரீசர்ல வச்சிருந்து வண்டி வர்ற அன்னைக்குத்தான் வெளிய எடுக்கணும், இங்க பொறந்து வளந்தவங்களே அப்படித்தான் செய்றாங்க. உங்க பேப்பரை இ-பேப்பரா படிக்கிறதுல இது ஒரு நஷ்டம், பொதிய முடியல.

ஹாம், அதான் பன்றித் தொடைக்கறி, அடுப்படியிலயே இருக்கும், அங்கேயே வெட்டி தட்டுல வரும். மிச்சத்துக்கு ஹாம் பேக்னு ஒரு துணிப்பை விக்கிறாங்க, வினிகர் கலந்த தண்ணியில நனைச்சுப் பிழிஞ்சு அதுக்குள்ள போட்டு ஃபிரிட்ஜ்ல வச்சா நாள்பட நிக்கும். ஆட்டுக்கறி குழம்பும் இட்லியும் காலைல எட்டு மணிக்கே, பூசை முடிஞ்சு வந்த கையோட, ஊர்ல மாதிரியே. சுடச்சுட சாப்பிட வேண்டியதை எல்லாம் வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சுர்றது.

எங்க தெருவுல இருக்குற சைவக் குடும்பம் ஒண்ணு வருஷா வருஷம் வருவாங்க, அவங்களுக்கு மேசையோட ஒரு கடைசியில தனி வரிசை. போன வருஷம் அந்த அக்கா பெரிய கண்ணாடிக் கிண்ணத்துல தயிர் சாதம் கொண்டாந்தாங்க, சில்லுனு ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்தது, மேல மாதுளை முத்து, நடுவுல கொத்தமல்லித் தழை. வெள்ளை, சிவப்பு, பச்சை. பக்கத்து வீட்டு அம்மா அதைப் பாத்துட்டு இது என்ன கிறிஸ்துமஸ் புட்டிங்கான்னு கேட்டு ஒரு கரண்டி வாயில போட்டாங்க, கடுகும் பச்சமொளகாவும் வந்ததும் கண்ணு ரெண்டும் பெருசாச்சு, அப்புறம் ரெண்டாவது கரண்டி எடுத்தாங்க.

இனிப்புக்கு பவ்லோவா. 1926ல அன்னா பவ்லோவான்னு ரஷ்ய பாலே நாட்டியக்காரம்மா இந்தப் பக்கம் ஆட வந்தாங்க, அவங்க பேருதான் அதுக்கு, முதல்ல செஞ்சது நாங்களா நீங்களான்னு ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இன்னைக்கு வரைக்கும் சண்டை. எனக்கு அதை முதல் தடவ வாயில போட்டப்பவே இது நம்ம ஊர் மக்ரூன்டான்னு தோணிருச்சு. முட்டை வெள்ளைக் கருவையும் சீனியையும் அடிச்சு அடிச்சு நொரையாக்கி மெதுவான சூட்டுல காய விடுறதுதானே ரெண்டும், தூத்துக்குடியில முந்திரிப்பொடி சேப்பாங்க, இவங்க பெருசா வட்டமா செஞ்சு மேல க்ரீமும் பழமும் வைக்கிறாங்க. ரெண்டுக்கும் எதிரி ஒண்ணுதான், ஈரக் காத்து. மக்ரூனை டப்பாவைத் தொறந்து போட்டா அரை நாள்ல பிசுபிசுன்னு ஆகும்ல, அதே மாதிரி பவ்லோவாவும் அழும். ஓவனை அணைச்சுட்டு கதவை லேசா தொறந்து விட்டு அதுக்குள்ளயே ஆற விடணும், க்ரீமும் பேஷன்ஃப்ரூட்டும் மேசைக்குப் போறப்ப வச்சா போதும். நான் அதைச் சுத்தி ஊர்ல இருந்து வந்த மக்ரூனைக் கூம்பு கூம்பா அடுக்கி வைப்பேன், தூரத்துல இருந்து பாத்தா பனிமலை மாதிரியே இருக்கும். எங்க வீட்டுப் பனி அவ்வளவுதான், அதுவும் கால் மணி நேரத்துல காலி.

இன்னும் சில்லறை விஷயம் நெறைய இருக்கு. ஈக்கு வலை மூடி வேணும், கூடவே ஒரு ஸ்டாண்ட் ஃபேனை மேசையைப் பாத்துத் திருப்பி வைங்க, ஈக்கு பறக்கத் தெம்பு இருக்காது. நெழல் நகரும், அதனால முந்தின நாள் மத்தியானம் ஒரு மணிக்கும் மூணு மணிக்கும் போயி நெழல் எங்க விழுதுன்னு பாத்து சாக்பீஸ்ல கோடு போட்டுட்டு மேசையைப் போடுங்க, பெரியவங்களுக்கு வீட்டுச் சுவரை ஒட்டின பக்கம். ஆளுக்கொரு பான்பான் வெடி மட்டும் வெள்ளைக்காரன் மேசையில இருந்து அப்படியே எடுத்துக்கிட்டோம், ரெண்டு பேரு ரெண்டு பக்கம் இழுத்து வெடிச்சா உள்ள காகிதக் கிரீடமும் ஒரு மொக்கை ஜோக்கும் இருக்கும். அந்தக் கிரீடம் வேர்வையில நெத்தியில ஒட்டி, கழட்டுறப்ப எல்லார் நெத்தியிலயும் சாயம், எங்க மாமாவுக்குப் பச்சை.

இவ்வளவையும் ஏன் எழுதுறேன்னா, அடுத்த வருஷம் இணைப்பு போடுறப்ப ஒரு கால் பக்கம் இதுக்கும் ஒதுக்குங்க ஐயா. சும்மா எங்களுக்காக மட்டும் கேக்கல. தூத்துக்குடியிலயும் நாகர்கோவில்லயும் டிசம்பர் மத்தியானம் யாரும் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு சாப்பிடறதில்லையே, அங்க வெல்வெட் விரிச்சு என்ன பண்ணப் போறாங்க, வேட்டி எல்லார் வீட்லயும் இருக்கு.

வேட்டின்னதும் ஒண்ணு, யாராவது இதைப் படிச்சுட்டு விரிக்கிறதா இருந்தா புது வேட்டியா எடுத்துறாதீங்க. போன கிறிஸ்துமஸ்ல எங்க வேட்டியில நடு மத்தியில ஒரு கை அகலத்துக்கு செர்ரிக் கறை, எலுமிச்சை போட்டு, சோடா உப்பு போட்டு, மூணு நாள் வெயில்ல காயப் போட்டும் ரோஸ் கலர்ல நிக்குது. மூணு வாரத்துல பொங்கல், வேற நல்ல வேட்டி இல்லன்னு வீட்டுக்காரர் அதையேதான் கட்டிக்கிட்டாரு, மடிப்புக்குள்ள மறைஞ்சிரும்னாரு, உக்கார்ற வரைக்கும் மறைஞ்சுதான் இருந்துச்சு.

இப்படிக்கு,
தூத்துக்குடிக்காரி ஒருத்தி,
மேற்கு சிட்னி.